எல்லைக்கல்லும் அறிவிப்புப் பலகையும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு புஞ்சை வீட்டுமனை ஆகப்போகிறது என்பது ஊருக்கு எப்போது தெரிகிறது? ஜேசிபி வந்து கருவேலம் புதரை வழித்துத் தள்ளும்போது லேசாகச் சந்தேகம் வரும். சரளை அடித்துத் தெரு இழுக்கும்போது டீக்கடையில் பேச்சு கிளம்பும். வெள்ளையடித்த கல்லை வரிசை வரிசையாக ஊன்றி, வாசலில் வளைவு கட்டி, 'நகர்' என்று முடியும் ஒரு பெயரை எழுதி, வண்ணக்கொடி கட்டிய பிறகுதான் விஷயம் உறுதியாகும். அதற்குள் அனுமதிக் கோப்பு விருதுநகர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும். மனை விற்பவர் காரில் ஆள் கூட்டிவந்து, "அண்ணாச்சி, டிடிசிபி அப்ரூவல், ரோடு, பார்க் எல்லாம் உண்டு, பேங்க் லோனும் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

கனடாவில் டொரொன்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் இதே செய்தி வேறு வரிசையில் வருகிறது. ஒரு காலி நிலத்தில் டவுன்ஹவுஸ் கட்ட ஒரு நிறுவனம் மனு கொடுத்தால், ஒரு செங்கல் இறங்குவதற்கு முன்பே நிலத்தின் முகப்பில் ஆள் உயரப் பலகை ஒன்று நிற்கும். எத்தனை வீடு, எத்தனை மாடி, கோப்பு எண் என்ன, யாரிடம் விவரம் கேட்பது என்று அதில் எழுதியிருக்கும். ஒன்டாரியோ மாகாணத்தின் திட்டமிடல் சட்ட விதிப்படி, நில வகைப்பாட்டை மாற்றக் கேட்கும் மனு என்றால் 120 மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கடிதம் போகலாம், அல்லது செய்தித்தாளில் விளம்பரம் வரலாம். அதன் பிறகு நகரமன்றம் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்துக்கு 20 நாள் முன்பே அறிவிப்பு போயிருக்க வேண்டும்.

இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. மார்க்கமும் அதையொட்டிய ஸ்கார்பரோவும் 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் குடியேறி வேர்விட்ட ஊர்கள். மார்க்கம் நகரமன்றத்துக்கு 2006-இல் லோகன் கணபதி தேர்ந்தெடுக்கப்பட்டார். கனடாவில் நகரமன்ற உறுப்பினரான முதல் தமிழர் அவர். ஆக, அங்கே பலகைக்கு முன்னால் நின்று படிப்பவரும், மன்றத்தில் மைக்கைப் பிடித்து ஆட்சேபம் சொல்பவரும், மன்ற நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவரும் நம் மொழிக்காரர்களாக இருந்திருக்கிறார்கள். நமக்குப் பேசத் தெரியாது, நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நம்முடைய ஊர்ச்சபைதான் உயர்ந்தது. மார்க்கத்தில் பொதுமக்களுக்குப் பேச உரிமை உண்டு. ஆனால் அவர்கள் சபையின் உறுப்பினர் ஆகமாட்டார்கள். மேயர், நான்கு வட்டார உறுப்பினர், எட்டு வார்டு உறுப்பினர் என்று 13 பேர்தான் மன்றம். நம் கிராம சபையிலோ வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கொடுத்த இடம் அது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதை நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று கோரம்கூட வகுத்திருக்கிறார்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று நான்காக இருந்த கூட்ட நாட்கள், 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆறாகின. வரவுசெலவு, தணிக்கை, பயனாளிகள் பட்டியல், நூறு நாள் வேலை எல்லாம் அங்கே வாசிக்கப்படுகின்றன. ஊரின் உருவத்தையே மாற்றப்போகும் மனைப்பிரிவு வரைபடம் மட்டும் வருவதில்லை. மனைப்பிரிவு அனுமதிக்குக் கிராம சபையின் ஒப்புதல் தேவை என்று சட்டம் சொல்லவில்லை; அதனால் யாரும் கொண்டுவருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. ஊர் கூடுகிற இடத்தில் வரைபடம் இல்லை, வரைபடம் இருக்கிற இடத்தில் ஊர் இல்லை.

இந்த நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு தமிழ்நாடு முழுக்க மனை விற்றார்கள். மனைப்பிரிவுக்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் தொழில்நுட்ப அனுமதி வேண்டும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. வாங்கியவர்கள் யார்? நம் பக்கத்தில் நூற்பாலைத் தொழிலாளி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், சீட்டுப் போட்டுச் சேர்த்த பெண்கள், மாதத் தவணை கட்டியவர்கள். அவர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) எங்கே இருக்கிறது என்று தெரியாது. பத்திரம் பதிவானது, அது போதும் என்று நம்பினார்கள். சார்பதிவாளர் அலுவலகம் பதிந்து கொடுத்ததை அரசு ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொண்டவர்கள்மீது நான் குறை சொல்லமாட்டேன்.

வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அனுமதியற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று தடை விதித்தது. மாநிலம் முழுக்கப் பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. அரசு 2017 மே மாதம் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுக்க வழி செய்தது. அதோடு 'பஞ்சாயத்து அப்ரூவல்' காலம் முடிந்தது.

அந்த 2016 அக்டோபரை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் தேதி ரத்துசெய்தது. 24-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. எங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. அதாவது, எந்த மனைப்பிரிவை ஏற்பது, எதைத் தள்ளுவது, எந்தத் தெரு ஊராட்சிக்கு வரும் என்று முடிவான வரன்முறைக் காலத்தின் பெரும்பகுதியில் ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. 2025 ஜனவரி 5-இல் அடுத்த பதவிக்காலமும் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார். தனி அலுவலராக வரும் வட்டார வளர்ச்சி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பல ஊராட்சிகளின் கோப்பு அவர் மேசையில் இருக்கும். எந்தப் புஞ்சைக்குள் எந்த வாய்க்கால் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வாய்க்கால் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழை ஓடை வழியாக இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவது நம் பக்கத்து நிலத்தின் அமைப்பு. புலப்படத்தில் ஓடை இருக்கும், வண்டிப்பாதை இருக்கும். ஆனால் ஒரு காட்டுக்குள் தலைமுறையாகத் தண்ணீர் வழிந்து போகிற தாழ்வான பட்டை எந்தப் படத்திலும் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் அந்த வழியாக முழங்கால் அளவு தண்ணீர் போகும். மற்ற மாதங்களில் அது வெறும் நிலம். மனை போடுகிறவர் கோடையில் வந்து அளப்பார். சரளை கொட்டி இரண்டடி உயர்த்துவார். விதிப்படி வட்டாட்சியர் அறிக்கை, வேளாண்மைத் துறைக் கருத்து, நீர்வளத் துறையிடம் வெள்ள பாதிப்பு இல்லை என்ற சான்று, எல்லாம் கோப்பில் சரியாக இருக்கும். முதல் அடைமழையில் மேல்காட்டுக்காரரின் மல்லாட்டையும் பருத்தியும் தண்ணீரில் நிற்கும். கீழே கண்மாய்க்கு வரத்து குறையும். அவர் ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினால், "அனுமதி மேலே கொடுத்தது" என்பார்கள். மேலே போனால், "சான்று இருக்கிறதே" என்பார்கள். இந்தப் பட்டையைப் பற்றி அறிந்தவர் ஊரில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டொரொன்டோ இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றது. 1954 அக்டோபர் 15 இரவு 'ஹேசல்' புயல் அங்கே கொட்டித் தீர்த்தது. ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற தெருவில் வீடுகளோடு 35 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒன்டாரியோவில் மொத்தம் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆற்றுத் தாழ்வுகளில் வீடு கட்டக்கூடாது என்பது உறுதியானது. அந்த நிலங்களை வாங்கிப் பூங்காவாக்கினார்கள். டொரொன்டோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் 1957-இல் அமைந்தது. இன்றைக்கும் வெள்ளத் தாழ்வில் டவுன்ஹவுஸ் கட்ட வருகிறவர் அதன் அனுமதியைத் தாண்டியாக வேண்டும். நமக்கு எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது. அந்த மழை கொஞ்சம் மேற்கே தள்ளி, நம் கண்மாய்களின் தலைமாட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, மார்க்கத்தில் எல்லாம் சரி என்று எழுதினால் அது பொய். பேசும் உரிமை இருக்கிற இடத்தில் அதை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டவுன்ஹவுஸ் என்பது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் இரண்டு மூன்று மாடி வீடு. தனி வீட்டைவிடக் குறைந்த நிலம், குறைந்த விலை. நிலவறைகளில் வாடகைக்கு இருந்து இரண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்த குடும்பங்கள் முதன்முதலில் வாங்க முடிகிற வீடு பெரும்பாலும் அதுதான். பொதுக்கூட்டத்தில் அதை எதிர்த்துப் பேசுகிறவர் ஏற்கெனவே பெரிய தோட்டத்தோடு தனி வீடு வைத்திருப்பவர். போக்குவரத்து நெரிசல், வண்டி நிறுத்த இடம், பள்ளியில் இடமில்லை, மரம் போகும், நிழல் விழும் என்று காரணம் அடுக்குவார். அவற்றில் சில நியாயமானவை. ஆனால் 'இந்தப் பகுதியின் தன்மை கெட்டுவிடும்' என்ற ஒரு காரணம் எல்லாக் கூட்டத்திலும் வரும். அதைக் கேட்கும்போது எனக்கு நம் ஊர் மேலத்தெருவின் பேச்சு நினைவுக்கு வருகிறது. இன்னார் நம் தெருவுக்குள் வரக்கூடாது என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது. அடுத்த வீட்டுக்காரரின் ஆட்சேபத்தால் வருஷக்கணக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கிடந்த திட்டங்களும் உண்டு.

ஒன்டாரியோ அரசு இதற்கு வெட்டு வைத்தது. 2022 நவம்பரில் நிறைவேறிய 23-ஆம் மசோதா, மனைப்பிரிவுத் திட்டங்களுக்குச் சட்டப்படி பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. 2024-இன் 185-ஆம் மசோதா, நில வகைப்பாட்டு முடிவுகளை எதிர்த்து அக்கம்பக்கத்தார் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியைப் பெரும்பாலும் மூடியது. வீடு கட்டும் நிறுவனம் மட்டும் இன்னமும் போகலாம். நகரமன்றம் 90 நாளில் முடிவு சொல்லாவிட்டாலும் போகலாம். இது ஒரு பக்கமாகச் சாய்ந்த தராசு. இருந்தாலும், வீடில்லாதவரின் பக்கம் நின்று பார்க்கும்போது, அடுத்தவர் வீடு கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் தெருக்காரரிடம் இருக்கக்கூடாது என்ற வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. நம் ஊரில் அந்த அதிகாரத்தைத் தெருவின் கையில் கொடுத்தால், மனை வாங்க வருகிறவரின் சாதியைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்சேபம் எழும். அதனால் கிராம சபைக்குத் தடுக்கும் உரிமை வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். கல் ஊன்றுவதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கும் உரிமையும், வாய்க்காலைப் பற்றி, பாதையைப் பற்றி, குடிநீரைப் பற்றிச் சொல்வதைப் பதிவுசெய்து பதில் எழுதும் கட்டாயமும் போதும்.

மறைவாக நடந்தால் எந்த நாடும் ஒன்றுதான் என்பதற்கு மார்க்கத்தின் பக்கத்திலேயே சாட்சி கிடைத்தது. 2022-இன் கடைசியில் ஒன்டாரியோ அரசு, பாதுகாக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து 15 இடங்களில் 7,400 ஏக்கரை வீடு கட்ட விடுவித்தது. அதில் பெரும்பகுதி, மார்க்கத்துக்கும் ஸ்கார்பரோவுக்கும் கிழக்கே பிக்கரிங் நகரில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் வேளாண் நிலம். மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை, தேர்வு நடந்த விதத்தில் சில நிறுவனங்களுக்குச் சலுகை இருந்தது என்றும், நில உரிமையாளர்களுக்கு 830 கோடி டாலருக்குமேல் மதிப்பு உயரும் என்றும் சொன்னது. அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். செப்டம்பரில் முதல்வர் டக் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார். ஒரு காலி மனைக்கே பலகை வைக்கிற நாட்டில், ஏழாயிரம் ஏக்கர் விளைநிலத்தின் கதை மூடிய அறைக்குள் முடிந்திருக்கிறது. ஆனால் அது எட்டு ஒன்பது மாதத்தில் வெளியே வந்து, அமைச்சர் வரை போய், திரும்பியும் வந்தது. திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலைப் பணி தொடங்கியதிலிருந்து இங்கே சென்ட் விலை ஏறுகிற வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு, இந்தக் கடைசிப் பகுதிதான் பொறாமையாக இருக்கும்.

நம் சட்டம் ஒரு விஷயத்தில் கனடாவைவிடத் தாராளம். ஒன்டாரியோவில் வீடு கட்டும் நிறுவனம் பூங்காவுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டியது நிலத்தில் 5 சதவீதம். அதற்குப் பதில் பணமாகவும் நகரமன்றம் வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் தெருக்கள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. அந்த இடத்தையும் தெருக்களையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி அனுமதி. எண்ணிப் பாருங்கள், ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் தெருக்கள் போகத் திறந்தவெளியாக மட்டும் சுமார் 35 முதல் 40 சென்ட் ஊராட்சியின் பெயருக்கு வருகிறது. ஒரு பைசா செலவில்லாமல் ஊருக்குச் சேரும் சொத்து இது. இப்படிச் சேர்ந்த சொத்து இந்த வட்டாரத்தில் எங்கெங்கே கிடக்கிறது என்று எந்தக் கிராம சபையிலாவது பட்டியல் வாசித்துக் கேட்டிருக்கிறோமா?

பல இடங்களில் அந்தப் பூங்கா கருவேலம் மண்டிக் கிடக்கும், அல்லது யாரோ மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்கள். அதற்கும் மேலான ஆபத்து தாளில் இருக்கிறது. தானப்பத்திரம் பதிவாகும், பட்டா மாறாது. வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளரின் பெயரே தொடரும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி, பூங்கா இடத்தை மனையாக்கி விற்பார்கள். வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறியும் இருப்பார். பிறகு பதினைந்து வருஷ வழக்கு. நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் உறுதியாகவே இருந்திருக்கின்றன. பெங்களூரு ராஜமஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாததாக்கியது. பூங்கா குடியிருப்போரின் உரிமை, அதை மாற்ற முதலமைச்சரின் விருப்பம்கூடப் போதாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் அங்கே வரைபடம் கையில் வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள், அதனால் வழக்கும் இருந்தது.

மார்க்கத்திடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டியது பலகைதான். அதற்கு மசோதா தேவையில்லை, அரசாணை ஒன்று போதும். மனு கொடுத்த நாளில் நிலத்தின் முகப்பில் தமிழில் ஒரு பலகை; சர்வே எண், பரப்பு, மனைகளின் எண்ணிக்கை, தெரு எந்தப் பக்கம் திறக்கும், தண்ணீர் எங்கே வடியும், கோப்பு எண். வரைபடத்தின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில். அடுத்து வரும் கிராம சபையில் அது ஒரு பொருளாக வைக்கப்பட்டு, சொல்லப்பட்டது எதுவோ அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போடுவதை 2022-இல் அரசு நிறுத்தியது. சரியான முடிவு அது, ஒரு சாதியின் முதுகில் ஏற்றிய வேலை அது. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ வரட்டும். கூட்டத் தேதியோடு மனைப்பிரிவின் சர்வே எண்ணையும் அது சொல்லிக்கொண்டு போகட்டும்.

அரசாணை வரும் வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்தக் கிராம சபையிலும் ஒருவர் எழுந்து, நம் ஊராட்சிக்குத் தானமாக வந்த தெருக்களும் பூங்காக்களும் எவை, தானப்பத்திர எண் என்ன, ஒவ்வொன்றுக்கும் பட்டா ஊராட்சி பெயருக்கு மாறிவிட்டதா என்று கேட்கலாம். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். எழுத மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அதே கேள்வியை ஊராட்சிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பட்டா மாறாத இடம் தெரிந்தால், மாற்றக் கோரும் மனுவை ஊராட்சி சார்பில் வட்டாட்சியரிடம் கொடுக்கச் செய்வதும், நான்கு மூலைக்கும் கல் ஊன்றிக் கம்பிவேலி போடுவதும் அடுத்த வேலை. வாரிசுகள் வில்லங்கச் சான்று எடுக்கப் போவதற்குமுன் இது நடந்துவிட வேண்டும்.